கூரையும் அடுப்பும்: நேபாள மலைக்கிராமக் குடும்பத்தின் வரலாறு

நேபாளத்தின் மலைக்கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகைக் காலத்திற் கொண்டாடப்படும் திகார் பண்டிகையின் ஐந்தாம் நாள், சகோதரர்க்குரிய நாளாகும். ‘பாய் டீக்கா’ என அழைக்கப்படும் அந்நாளில், மணமாகிச் சென்ற பெண் தன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அன்றேல் சகோதரன் அவள் புகுந்த வீட்டைத் தேடிச் செல்கிறான். அவனைத் தரையில் அமர்த்தி, செம்பிலிருந்து நீரையும் எண்ணெயையும் சிறு தாரையாக ஒழுகவிட்டு, அவள் அவனைச் சுற்றி வருகிறாள். அந்தக் கோட்டைத் தாண்டி எமன் உட்புக மாட்டான் என்பது நம்பிக்கை. வாசற்படியில் அக்ரோட்டுக் கொட்டையை உடைத்துத் தீங்குகளை விரட்டுகிறாள். பின்னர் அவன் நெற்றியில் ஏழு வண்ணத் திலகமிட்டு, வாடாமல்லி மாலை சூட்டுகிறாள். வாடாத அந்தப் பூவைப் போலச் சகோதரனின் ஆயுளும் நீள வேண்டும் என்பது அவளது வேண்டுதல்.

இக்காட்சியின் அழகில் ஐயமில்லை. எனினும் வரலாற்றைக் கற்போர் இதனருகே வேறொரு செய்தியையும் வைத்து நோக்குதல் வேண்டும். எமனிடமிருந்து சகோதரனைக் காக்கும் இப்பெண்ணுக்கு, அவன் உழுகின்ற தந்தையின் வயலில், இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை, மணமான பின் எவ்விதப் பங்கும் இருக்கவில்லை. வீட்டின் காவல்தெய்வமாகப் போற்றப்பட்டவள், அவ்வீட்டின் உடைமையைப் பொறுத்தவரை அந்நியளாக இருந்தாள். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு பொருந்தியிருந்தன? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கிராமக் குடும்பத்தைப் பற்றி இருவகைச் சித்திரங்கள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று, பிரயாணிகள் வரைந்தது: பனிமலையின் அடியில் படிப்படியாக இறங்கும் வயல்கள், ஒற்றுமையான கூட்டுக்குடும்பம், காலத்தாற் கலையாத அமைதி. மற்றையது, சீர்திருத்தஞ் செய்யப் புறப்பட்ட நகரத்தார் வரைந்தது: அறியாமை, மூடப்பழக்கம், மாற்றத்துக்கு இணங்காத மனம். இவை ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும், இரண்டும் ஒரே தவற்றையே செய்கின்றன. குடும்பத்தை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. உறவு என்பது இரத்தத்தாலும் பாசத்தாலும் மட்டும் அமைவதன்று. நிலத்தை யார் ஆள்வது, அதில் யார் உழைப்பது, அரசுக்கு யார் இறுப்பது, இறந்தபின் அது எவரைச் சேர்வது என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையும் உறவுமுறைக்குள் அடங்கியிருக்கிறது. நேபாளத்தில் அவ்விடையை எழுதியதில் அரசின் எழுதுகோலுக்குப் பெரும் பங்குண்டு.

நேபாளம் ஓரின மக்களின் நாடன்று. பாஹுன் எனப்படும் பிராமணர், சேத்ரியர், குருங், மகர், தமாங், ராய், லிம்பு, நேவார், தாரு எனப் பல மக்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்களின் குடும்ப வழக்கங்களும் பலவாகும். இங்கு நடுமலைப் பிரதேசத்துப் பாஹுன், சேத்ரிக் குடும்பங்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில், அவர்களின் வழக்கத்தையே அரசு நாடு முழுவதற்கும் அளவுகோலாக்கிற்று.

*

மலைநாட்டிற் குடும்பங்களை எண்ணும்போது ‘துரி’ என்ற சொல்லை வழங்குவர். கூரையின் முகட்டைக் குறிக்கும் சொல் அது. ஒரு கூரை, ஒரு குடி. இக்கணக்கைப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவன் வரி தண்டுபவன்.

கோர்க்கா என்னும் சிற்றரசின் மன்னன் பிருத்வி நாராயண் ஷா, 1768-69இல் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைக் கைப்பற்றினான். அவனும் அவன் வழிவந்தோரும் படைநடத்தி அமைத்த அரசுக்குக் கருவூலத்திற் பணம் அதிகமிருக்கவில்லை, இருந்தது நிலமே. போர்வீரனுக்கும் உத்தியோகத்தனுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக நிலத்தின் வருவாய் ஒதுக்கப்பட்டது, அது ‘ஜாகிர்’. பிராமணர்க்கும் பிரபுக்களுக்கும் பரம்பரை உரிமையாக, பெரும்பாலும் வரியின்றி வழங்கப்பட்டது ‘பிர்த்தா’. கோயில், மடம், அறப்பணிகளுக்கு விடப்பட்டது ‘குத்தி’. எஞ்சியது அரசின் வரிக்குட்பட்ட ‘ராய்கர்’. 1950ஆம் ஆண்டளவில் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பகுதி பிர்த்தாவாக இருந்தது. அதன் பெரும்பகுதி ஆளும் ராணா குடும்பத்தாரின் கையிலிருந்தது. இவற்றையெல்லாம் பழைய ஆவணங்களிலிருந்து தேடித் தொகுத்து உலகறியச் செய்தவர் மகேஷ் சந்திர ரேக்மி என்னும் நேபாள அறிஞர்.

இந்நிலமானிய அமைப்பின் அடியில் நின்றது குடியானவன் வீடு. மலைச்சரிவின் புன்செய் நிலங்களை அளந்து வரி விதிப்பது எளிதன்று. ஆகவே அரசு வீட்டை அளந்தது. ஏரும் எருதும் உடைய வீடு ‘ஹலே’. எருது இருந்தும் முழு ஏர்வசதியற்ற வீடு ‘பாட்டே’. மண்வெட்டியை மட்டுமே நம்பிய வீடு ‘கொதாலே’. இம்மூவகைக்கும் வெவ்வேறு வரி. நன்செய்க்குரிய வரியை ஜிம்மாவாலும் புன்செய்க்குரியதை முக்கியாவும் தண்டினர். இவையன்றி ‘ஜாரா’ என்னும் கட்டாய ஊழியமும் இருந்தது. படைக்குச் சுமை தூக்கவும், பாதை செப்பனிடவும், அரசின் தபாலையும் பொதிகளையும் மலைதாண்டிக் கொண்டுசேர்க்கவும் கூலியின்றிச் செல்ல வேண்டும்.

இவ்வாறான நிலையில், ஒரு வீட்டில் எத்தனை ஆண்கள் உள்ளனர் என்பது பாசத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. ஒருவன் ஊழியத்துக்குச் சென்றால் மற்றொருவன் உழ வேண்டும்; ஒருவன் மாடு மேய்க்க வேண்டும்; பெண்கள் நாற்று நடவும் களை பறிக்கவும் விறகும் தழையும் சுமக்கவும் வேண்டும். வயலில் நெல், மேட்டுநிலத்தில் சோளமும் குரக்கனும். மூன்றுக்கும் கைகள் தேவை. மூத்த மகனை ‘ஜேட்டா’, அடுத்தவனை ‘மாஹிலா’, மூன்றாமவனை ‘சாஹிலா’, நான்காமவனை ‘காஹிலா’, கடைக்குட்டியை ‘காஞ்சா’ என்று பிறப்பு வரிசையால் அழைக்கும் வழக்கம் மலைநாடெங்கும் உண்டு. ஒருவனது இயற்பெயரை ஊரார் மறந்துவிடலாம். வீட்டில் அவன் எத்தனையாவது மகன் என்பதை மறக்க மாட்டார்கள். பங்குரிமையும் கடமையும் அவ்வரிசையோடு பிணைந்திருந்தன.

*

1846 செப்டெம்பரில் அரண்மனைக் கொலைகளின் வழியே அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜங் பகதூர் ராணா, 1854இல் ‘முலுகீ ஐன்’ என்னும் சட்டக்கோவையை வெளியிட்டான். அதுவரை ஊருக்கூர் வேறுபட்ட வழக்கங்களை அது ஒரே ஏணியின் படிகளாக அடுக்கிற்று. உச்சியிற் பூணூல் தரித்தோர். அடுத்து, அடிமைப்படுத்தத் தகாத மதுவருந்துவோர். அதன்கீழ், அடிமைப்படுத்தத் தக்க மதுவருந்துவோர். அதற்கும் கீழே, நீர் வாங்கத் தகாதார். கடைசியில், தீண்டினால் நீர் தெளித்துத் தூய்மை செய்ய வேண்டியவர் என வகுக்கப்பட்டோர். ஒரே குற்றத்துக்கு உயர்ந்தோனுக்கு ஒரு தண்டனை, தாழ்ந்தோனுக்கு வேறொரு தண்டனை.

நம் பொருளுக்கு முக்கியமானது யாதெனில், இச்சட்டம் வீட்டின் அடுப்படிவரை நுழைந்தது என்பதாகும். எவர் கையால் வேகவைத்த சோற்றை எவர் உண்ணலாம், எவரை எவர் கூடலாம், கலப்புமணத்திற் பிறந்த பிள்ளையின் நிலை என்ன, தாழ்ந்த பிரிவினின்று வந்த மனைவி சமைத்ததைக் கணவனின் உறவினர் ஏற்கலாமா என்பனவெல்லாம் அரசின் கட்டளைகளாயின. சாதி மணத்தில் வாழ்கிறது. மணம் அடுப்பில் உறுதியாகிறது. இதனை அறிந்துதான் சட்டம் அடுப்பைக் காவல் செய்தது. புதிதாக வந்த மருமகள் பரிமாறும் சோற்றைக் கணவனின் உறவினர் உண்டு முடித்தபோதே அவள் அக்குடியைச் சேர்ந்தவளாகக் கருதப்பட்டாள்.

அவ்வடுப்பைச் சுற்றி அவள் வாழ்ந்த வாழ்வு எத்தகையது? விடியுமுன் எழுந்து ஊற்றுக்குச் சென்று நீர் கொணர்தல். செம்மண்ணும் சாணமும் கரைத்துத் தரை மெழுகுதல். ‘திக்கி’ என்னும் கால்மிதி உலக்கையில் நெல் குற்றுதல். ‘ஜாந்தோ’ என்னும் திரிகையில் சோளமும் குரக்கனும் அரைத்தல். கூடையை நெற்றிப்பட்டையில் தாங்கி, மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் தேடி மலையேறுதல். நடுகைக் காலத்திற் பகல் முழுவதும் சேற்றில் நிற்றல். மாமியின் பாதங்களை வணங்குதல், கணவனின் பாதம் கழுவிய நீரைப் பருகுதல், எல்லோரும் உண்டபின் கணவன் உண்ட தட்டிலேயே உண்ணுதல் ஆகியவை பாஹுன், சேத்ரிக் குடும்பங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கங்கள். மாதவிலக்கு நாட்களில் அவள் அடுப்படிக்கு வரலாகாது. தூர மேற்கு மாவட்டங்களில் வீட்டைவிட்டே வெளியேறிக் குடிசையில் உறங்க வேண்டியிருந்தது. ‘சாவுபடி’ எனப்படும் அவ்வழக்கத்தைத் தடைசெய்யுமாறு 2005இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பணித்தது. 2017இல் நிறைவேறிய சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆயினும் அவ்வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

அதே பெண் தன் பிறந்த வீட்டில் பெறும் மதிப்போ முற்றிலும் வேறு. புகுந்த வீடு ‘கர்’. பிறந்த வீடு ‘மாயித்தி’. மாயித்தியில் அவள் ‘செலி’, தூய்மையானவள், பெற்றோரும் தமையனும் அவள் பாதங்களை வணங்குவர். மணவறையில் அவளது கால்களைக் கழுவிக் கன்னிகாதானஞ் செய்து புண்ணியம் தேடுவர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் கிராமமொன்றில் ஆராய்ச்சி செய்த லின் பென்னற் என்னும் மானிடவியலாளர், 1983இல் வெளியிட்ட தமது நூலில் இம்முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். புனிதமான சகோதரியும், ஐயத்துக்குரிய மனைவியும் ஒரே பெண்ணே என்பது அவர் காட்டிய உண்மை.

இம்முரண்பாட்டின் வேரை நிலத்திற் காணலாம். குடும்பச் சொத்தில் ஒவ்வோர் ஆணுக்கும் பிறப்பாலேயே ‘அம்சம்’ என்னும் பங்குண்டு. மனைவிக்கும் பங்குண்டு, ஆனால் அது கணவன் வழியாக வருவது. ஆகவே வெளியிலிருந்து வரும் மருமகள், சகோதரரின் கூட்டுடைமையைப் பிரிக்கத் தூண்டுபவளாகச் சந்தேகிக்கப்பட்டாள். அடுப்பு இரண்டானால் வயலும் இரண்டாகும். மறுபுறத்தில், பிறந்த வீட்டு மகளுக்கு நிலத்திற் பங்கு இல்லை. சீராகப் பெறும் ‘தாய்ஜோ’வும் அன்பளிப்பாகப் பெறும் ‘பேவா’வுமே அவளுடையவை. எதையும் கேட்கும் உரிமையற்றவள்மீது அன்பு செலுத்துவது எளிது. அவளை வணங்குவதால் ஒரு முழ நிலமும் குறைவதில்லை. இவ்வாறு கூறுவது சகோதரப் பாசத்தைப் பழிப்பதாகாது. பாசம் உண்மையானது, அது வாழ்ந்த வீட்டின் விதிகளும் உண்மையானவை.

*

குடும்பம் இவ்வாறுதான் அமைய வேண்டுமென்ற நியதி எதுவுமில்லை என்பதற்கு அதே மலைகளில் வாழும் ஏனைய மக்களே சான்று. பாஹுன், சேத்ரியர் தம் கோத்திரத்தையும் தாய்வழி நெருங்கிய உறவையும் விலக்கி, உறவற்ற குடியிலிருந்தே பெண் கொள்வர். ஆகையால் மணப்பெண் முன்பின் அறியாத வீட்டிற் புகுகிறாள். குருங், தமாங், மகர் மக்களிடையே மாமன் மகளை மணப்பது உகந்த வழக்கமாக இருந்துவந்துள்ளது. அங்கு புதுமணப்பெண்ணின் மாமியார் பலவேளைகளில் அவள் தந்தையின் உடன்பிறந்தாளே. இது தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. தந்தையின் சகோதரியையும் கணவனின் தாயையும் ‘மாமி’ என ஒரே சொல்லால் நாம் அழைப்பதும் இத்தகைய மணமுறையின் சுவடேயாகும். நேபாளி மொழியிலோ முன்னவள் ‘புப்பு’, பின்னவள் ‘சாசு’. இம்மொழி வேறுபாட்டின் பின்னால், அறிந்த வீட்டிற் புகும் பெண்ணுக்கும் அறியாத வீட்டிற் புகும் பெண்ணுக்குமுள்ள வேறுபாடு நிற்கிறது. ஆயினும் பெண்ணுக்குச் சற்று நெகிழ்வான வாழ்வை அளித்த தமாங் மக்களையே 1854ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைப்படுத்தத் தக்கோர் வரிசையில் வைத்தது. குடும்ப வழக்கத்தின் மென்மை அரசின் கண்ணில் இழிவின் அடையாளமாயிற்று.

வடமேற்கே ஹும்லாவில் வாழும் நியின்பா மக்களிடையே சகோதரர் அனைவரும் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் உண்டு. பயிர்செய், மந்தை மேய், உப்பு வாணிபஞ் செய் என முத்தொழிலையும் கட்டளையிடும் வறண்ட உயர்மலையில், துண்டாடப்படாத வீடும் நிலமுமே உயிர்வாழ்வுக்கு ஆதாரம். கிழக்கே லிம்பு மக்களிடம் நிலம் ‘கிபத்’ என்னும் குலப்பொதுவுடைமையாக இருந்தது. குலத்திற் பிறந்தவனுக்கே அதில் உரிமை. அதனை விற்க இயலாது. பிருத்வி நாராயண் 1774இல் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டான். ஆனால், விற்க இயலாத நிலத்தை ஈடு வைக்கலாம். திருமணத்துக்கும் ஈமக்கடனுக்கும் பெற்ற கடன்களுக்காக வயல்கள் ஈடாகி, குடியேறிய உயர்சாதியாரின் கைக்கு மாறின. இலாம் பகுதியில் இவ்வரலாற்றை ஆராய்ந்த லயனல் கப்லன் 1970இல் அதனை நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1968இல் நிலச்சட்டத் திருத்தமொன்று கிபத்தின் தனித்தன்மைக்கு முடிவுகட்டியது. உறவால் உறுதிபெற்ற உடைமையும் வட்டிக்கு முன் நிலைக்கவில்லை.

உறவின் எல்லை குருதியோடு முடிவதுமில்லை. நடுகைக் காலத்தில் வீட்டுக்கு வீடு மாறிமாறி உழைக்கும் ‘பர்மா’ முறையில், இன்று நான் உன் வயலில் உழைத்தால் நாளை நீ என் வயலில் உழைப்பாய். சடங்குபூர்வமாகத் தோழமை பூணும் ‘மித்’ உறவு சாதியெல்லையையும் கடக்கும். மித்தின் குடும்பம் தன் குடும்பமாகும். இரு வீட்டுப் பிள்ளைகளும் தம்முள் மணஞ்செய்ய மாட்டார்கள். ஆனால் கொல்லரான காமி, தையலும் இசையும் தொழிலான தமாயி, தோல்தொழிலாளரான சார்க்கி ஆகியோரிடம் இவ்வுறவு வேறுருவம் கொண்டது. அவர்கள் ஆண்டு முழுவதும் செய்த தொழிலுக்கு அறுவடையில் ‘பாலி’ என்னும் தானியம் அளந்தனர். தமாயியின் வாத்தியமின்றி மங்கல காரியம் நடவாது. மங்கலம் நடக்கும் வீட்டினுள் தமாயி நுழையலாகாது. உறவும் விலக்கும் ஒரே முற்றத்தில் நின்றன.

*

இந்தக் கூரையின்கீழ் எல்லோரும் வாழ இயலவில்லை. 1814-16ஆம் ஆண்டு யுத்தத்தின்போதே கிழக்கிந்தியக் கம்பனி மலைநாட்டு இளைஞரைத் தன் படையிற் சேர்க்கத் தொடங்கிற்று. லாகூர் சென்று படையில் சேர்ந்தவர்களை முதலிற் குறித்த ‘லாஹுரே’ என்ற சொல், பின்னர் அயல்நாட்டுப் படைக்குச் சென்ற அனைவருக்கும் பெயராயிற்று. முதலாம் உலகப் போரில் மட்டும் சுமார் 2 இலட்சம் நேபாளியர் பிரித்தானியர்க்காகப் பணிபுரிந்தனர். கடனை அடைக்கவும், ஈடு மீட்கவும், தங்கைக்கு மணஞ்செய்யவும் புறப்பட்டவர்கள் அவர்கள்.

நேபாள இலக்கியத்தின் சிறந்த படைப்புகள் இப்பிரிவின் துயரிலே பிறந்தமை தற்செயலன்று. லக்ஷ்மி பிரசாத் தேவ்கோட்டா 1936இல் வெளியிட்ட ‘முனா மதன்’ என்ற காவியத்தில், பொருள் தேடி லாசாவுக்குச் செல்லும் மதன், திரும்பும் வழியில் நோயுற்றுத் தோழராற் கைவிடப்படுகிறான். அவனைக் காப்பாற்றுபவன், சாதியேணியிற் கீழ்ப்படியிலுள்ளவனென அவன் கருதிய ஒரு போட்டியன். மதன் வீடு சேரும்போது தாயும் மனைவி முனாவும் உயிரோடில்லை. லீல் பகதூர் சேத்ரியின் ‘பசாயி’ நாவல் 1957இல் வெளிவந்தது. கடனால் கால்நடையையும் நிலத்தையும் இழக்கும் தனே என்ற குடியானவன், குடும்பத்தோடு ஊரைவிட்டே வெளியேறுகிறான். அவன் தங்கை ஜுமா ஒரு போர்வீரனால் ஏமாற்றப்படுகிறாள். இந்நாவலில் வட்டிக்காரனும் ஊர்வாயும் ஒருங்கு சேர்ந்தே குடும்பத்தைச் சிதைக்கின்றனர்.

சட்டமும் அசையாமல் நிற்கவில்லை. உடன்கட்டையேறல் 1920இல் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறையை ஒழிக்குமாறு 1924இல் சந்திர ஷம்ஷேர் ராணா விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, சுமார் 60,000 அடிமைகள் விடுவிக்கப்பட்டனர். அவர்களை வைத்திருந்தோர்க்கு இழப்பீடு வழங்கப்பட்டதேயன்றி, அடிமையாயிருந்தோரின் கண்ணீருக்கு எவரும் விலை கணக்கிடவில்லை. கிழக்கே போஜ்பூரில் யோகமாயா நியோபானே என்ற பெண் எழுந்தார். சிறுவயதில் மணமுடித்து வைக்கப்பட்ட அவர், அவ்வாழ்வைத் துறந்து அஸ்ஸாமில் வாழ்ந்து, பின் ஊர் திரும்பித் துறவியானார். சாதிக் கொடுமை, வட்டிக் கொடுமை, பெண்ணடிமை ஆகியவற்றைக் கண்டித்துக் கவிதை பாடினார். அறநெறி ஆட்சியைக் கோரினார். ராணா அரசு செவிசாய்க்காதபோது, 1941இல் அறுபதுக்கும் மேற்பட்ட சீடர்களோடு அருண் நதியிற் குதித்து உயிர்நீத்தார். குடும்பத்தின் கொடுமையும் அரசின் கொடுமையும் வேறல்ல என்பதைத் தம் வாழ்விலிருந்தே கண்டவர் அவர்.

மலைநாட்டுப் பெண்களின் குரல் தீஜ் பண்டிகையிலும் ஒலித்தது. ஆண்டுக்கொருமுறை மாயித்திக்குத் திரும்பி, கணவனின் நல்வாழ்வுக்காக நோன்பிருக்கும் அந்நாளில், பெண்கள் வட்டமாகக் கூடி ஆடிப் பாடுவர். மாமியின் கடுமை, கணவனின் குடி, சக்களத்தியின் வரவு, தமையனுக்குக் கிடைத்த வயல் என்பனவே அப்பாடல்களின் பொருள். 1990ஆம் ஆண்டு மக்கள் இயக்கத்தின் பின் அரசியலும் அப்பாடல்களில் வெளிப்படையாகக் கலந்தது. கணவனுக்காக நோற்கும் நாளே கணவன் வீட்டைப்பற்றி முறையிடும் நாளாகவும் இருந்தது.

*

1951இல் ராணா ஆட்சி வீழ்ந்தது. 1959இல் பி. பி. கொய்ராலாவின் அரசாங்கம் பிர்த்தாவை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. மறு ஆண்டே மன்னர் மகேந்திரா அவ்வரசாங்கத்தைக் கலைத்தார். ஆயினும் அவரது ஆட்சியே 1963இல் புதிய முலுகீ ஐன்னைக் கொணர்ந்தது. சாதிக்கேற்ற தண்டனை நீங்கிற்று, குழந்தைமணம் தடைப்பட்டது, பலதாரமணம் சில விதிவிலக்குகளோடு தடைசெய்யப்பட்டது. 1964ஆம் ஆண்டு நிலச்சட்டம் மலைநாட்டில் ஒரு குடும்பத்தின் சாகுபடி நிலத்துக்கு 80 ரோபனி, அதாவது சுமார் 4 ஹெக்டேயர் என உச்சவரம்பு விதித்தது. பெருநிலக்காரரோ நிலத்தை உறவினர் பெயர்களுக்கு மாற்றி எழுதினர். வறியவனைப் பிணித்த உறவுமுறை, செல்வனுக்குக் கேடயமாயிற்று.

மகளின் உரிமையோ அங்குலம் அங்குலமாக வந்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம், 35 வயதுவரை மணமாகாதிருந்த மகளுக்குப் பங்களித்தது. அப்பங்கைப் பெற அவள் தன் இளமையை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1995இல் அதியுயர் நீதிமன்றம் சொத்துரிமைச் சட்டங்களை மீளாய்ந்து மசோதா கொணருமாறு அரசைப் பணித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் பிறப்பாற் பங்காளியாக்கிற்று; எனினும் மணமாகும்போது எஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றது. இத்திருத்தம் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்தது என்பதை மறத்தலாகாது. 1996இல் ரோல்பா, ருகும் மாவட்டங்களில் தொடங்கிய மாவோயிஸ்டுகளின் அப்போரிற் பெருந்தொகையான கிராமப் பெண்கள் ஆயுதம் ஏந்தினர். 2006இல் போர் முடிந்தது. 2008இல் மன்னராட்சி ஒழிந்தது. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெற்றோர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை என்றது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவை அதனை விதியாக்கிற்று.

எனவே வழக்கு முடிந்ததா? இல்லை. சட்டப்படி பங்கு கேட்கும் மகள் யாரிடம் கேட்கிறாள்? தன் சகோதரனிடம். புகுந்த வீட்டில் அடிபட்டால், கணவன் இறந்தால், அவள் ஓடிச்செல்ல இருக்கும் ஒரே வாசல் மாயித்தி. பங்கைக் கேட்டால் அவ்வாசல் அடைபடலாம். ஆகவே வயலைவிட வாசலைப் பெரிதெனக் கருதிப் பலர் வாய்திறவாதிருக்கின்றனர். இதனை அறியாமை என்பது பிழை. வேறு பாதுகாப்பற்ற ஒருத்தியின் நிதானமான கணக்கு அது. அவளுக்கு வேலையும் கூலியும், முதுமையில் ஆதரவும், அடித்தவனைத் தண்டிக்கும் நீதியும் சமுதாயத்திடமிருந்து கிடைக்கும்வரை, சட்டத்தின் எழுத்து உறவின் அச்சத்தை வெல்வது அரிது.

சாதியும் தன் பழைய கோட்டையான மணத்திலேயே இன்னும் நின்று போரிடுகிறது. தீண்டாமை சட்டப்படி குற்றமாகிய பின்னரும், 2020 மே மாதத்தில் மேற்கு ருகும் மாவட்டத்தில், உயர்சாதிப் பெண்ணொருத்தியைக் காதலித்து அழைத்துவரச் சென்ற தலித் இளைஞன் ஒருவனும் தோழர்கள் ஐவரும் ஊராரால் தாக்கி விரட்டப்பட்டு, பேரி நதியிற் பிணமாயினர். 1854இல் அடுப்பைக் காவல்செய்த சட்டம் நூல்களிலிருந்து நீங்கிவிட்டது. மனங்களிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

கூரையின் வடிவமோ நம் கண்முன்னே மாறுகிறது. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 2.9 கோடி மக்களுள்ள நாட்டில் சுமார் 21.9 இலட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தனர். ஒரு வீட்டின் சராசரி உறுப்பினர் தொகை 2001இல் 5.44 ஆக இருந்து 4.37 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய மூன்றிலொரு வீட்டுக்குப் பெண்ணே தலைவி. கட்டாரிலும் மலேசியாவிலும் உழைப்போர் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் நான்கிலொரு பங்கை அண்மிக்கிறது. உழுதற்கு ஆளின்றிப் படிவயல்கள் பல புதர்மண்டிக் கிடக்கின்றன. கூட்டுக்குடும்பத்தைச் சிதைப்பாளென ஐயுறப்பட்ட மருமகளே, எஞ்சிய வீட்டைத் தாங்கி நிற்கிறாள். கடனைத் தீர்ப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாமனாரின் மருந்துக்கு மலையிறங்குவதும் அவளே. பொறுப்பு அவளிடம் வந்துவிட்டது. நிலத்தின் உறுதியில் அவள் பெயர் ஏறுவதோ இன்னும் அருமையாகவே இருக்கிறது.

பாய் டீக்கா நாளில் இன்று பல வீடுகளில் சகோதரன் இருப்பதில்லை. பாலைவன நகரமொன்றில் கட்டட வேலைக்கிடையே கைத்தொலைபேசியில் தோன்றும் அவன் முகத்துக்கு முன் சகோதரி திலகத் தட்டை ஏந்துகிறாள். அவளது வேண்டுதல் பொய்யன்று. நெடுங்காலம் அவளுக்கு நிலத்தை மறுத்த வீட்டின் வாரிசையும், ஒரு கவளச் சோற்றுக்காக உயிரைப் பணயம் வைத்துழைக்கும் தொழிலாளியையும் ஒருங்கே அவள் அவனிற் காண்கிறாள். அக்காவை வயலிலிருந்து விலக்கிய அதே அமைப்புத்தான் தம்பியை வயலிலிருந்து துரத்தியது என்பதை இருவரும் சேர்ந்து உணரும்போது, அவள் வரைகின்ற வட்டத்துள் அவளும் அமர்வதற்கு இடமுண்டாகும். அரசாலும் சட்டத்தாலும் நிலத்தாலும் உருவாக்கப்பட்ட உறவை மனிதர் மீண்டும் உருவாக்கவும் முடியும். அதற்கு மலைநாட்டின் வரலாறே சாட்சி.